ஃப்ரீசரில் வைத்த சாப்பாடு ஏன் இப்படி ஆனது? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்க

ஞாயிற்றுக்கிழமை அரை நாள் அடுப்படியில் நின்று, ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சமைத்து, டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் அடுக்கியாகிவிட்டது. புதன்கிழமை ராத்திரி ஒன்றை எடுத்துச் சூடு பண்ணினால் சோறு விறைத்துக் கிடக்கிறது, குழம்பில் தண்ணீர் தனியாக நிற்கிறது, கறி நார் நாராக இருக்கிறது. "ஃப்ரீசர் சாப்பாடு என்றாலே இப்படித்தான்" என்று அதோடு விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நானும் இரண்டு முறை அப்படி விட்டிருக்கிறேன்.

பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது ஒன்று. கோளாறில் முக்கால்வாசி ஃப்ரீசருக்குள் நடப்பதே இல்லை. அடுப்பை அணைத்த நேரத்துக்கும் சாப்பாடு முழுசாக உறைந்த நேரத்துக்கும் நடுவிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் கேள்வி சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும்: எவ்வளவு தடிமனாக வைத்தீர்கள், எவ்வளவு நேரத்தில் ஆறியது, உள்ளே காற்று எவ்வளவு இருந்தது.

உங்கள் டப்பாவில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை.

## எதற்கும் முன்னால்: ஃப்ரீசர் எத்தனை டிகிரியில் இருக்கிறது?

வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் திருகில் 1 முதல் 5 வரை போட்டிருப்பது டிகிரி கணக்கு இல்லை. அதை நம்ப வேண்டாம். ஒரு சின்ன தெர்மாமீட்டரை டப்பாக்களுக்கு நடுவே செருகி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். மைனஸ் 12, மைனஸ் 10 என்று காட்டினால் மற்ற வைத்தியம் எல்லாம் அப்புறம்.

கதவு ரப்பர் விட்டுப்போயிருக்கலாம். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையே இல்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. சுவரில் அரை சென்டிமீட்டருக்கு மேல் பனி ஏறியிருந்தாலும், பின்பக்கக் குழாயில் தூசி அடைத்திருந்தாலும் குளிர் குறையும்.

பலருக்கும் தோன்றாத காரணம் இன்னொன்று: ஒரே நாளில் அளவுக்கு மேல் திணித்தது. 30 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளில் ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ வரைதான் வீட்டு ஃப்ரீசரால் சரியான வேகத்தில் உறைய வைக்க முடியும். ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இருக்கும் 60 லிட்டர் ஃப்ரீசர் என்றால் மூன்று கிலோ. வாரச் சமையலை மொத்தமாக எட்டு கிலோ உள்ளே தள்ளினால் புதிதாகப் போனதும் உறையாது, ஏற்கனவே இருந்ததும் இளகும். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் மாற்றுங்கள்.

## புளித்த வாடை, பிசுபிசுப்பு, ஓரத்தில் நுரை

இதை மட்டும் ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். கொட்டிவிடுங்கள்.

"ஃப்ரீசரில் இருந்தது எப்படிக் கெடும்?" என்று கேட்கலாம். ஃப்ரீசர் கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. உள்ளே போகும்போது எத்தனை இருந்தனவோ, வெளியே வந்து சூடேறும்போது ஏறக்குறைய அத்தனையும் எழுந்துகொள்ளும். ஆகவே இது உள்ளே போவதற்கு முன்னாலேயே கெடத் தொடங்கிய சாப்பாடு.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஆறு லிட்டர் பானை நிறையப் பருப்பு சூப். இரவு ஒன்பது மணிக்கு அடுப்பை அணைத்து, ஆறட்டும் என்று மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பானையைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. சரி என்று கரண்டியை அடிவரை விட்டு நடுவிலிருந்து ஒரு கரண்டி அள்ளினால், கையில் வெதுவெதுப்பு. ஒன்பது மணி நேரம் கழித்தும்! அந்த நடுப்பகுதி ராத்திரி முழுக்கக் கிருமிகளுக்கு மெத்தை போட்டுக் கொடுத்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் பத்து டப்பாவில் ஊற்றி உறைய வைத்தேன். பத்தையும் கொட்டினேன்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் பெருகும். சமைத்த சாப்பாடு இந்த இடைவெளியைச் சீக்கிரம் தாண்ட வேண்டும். உணவகங்களுக்குச் சொல்லும் கணக்கு இது: 60-லிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள். வீட்டுக்குச் சுருக்கமாக, வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்.

செய்யும் விதம்:

1. பானையிலிருந்து அகலமான தட்டுகளுக்கு மாற்றுங்கள். ஆழம் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.
2. பாத்திரம் கழுவும் தொட்டியில் குளிர்ந்த தண்ணீரும் ஐஸும் போட்டு, தட்டை அதில் மிதக்க வையுங்கள். காற்றைவிடத் தண்ணீர் பல மடங்கு வேகமாகச் சூட்டை இழுக்கும்.
3. அவ்வப்போது கிளறுங்கள். கிளறாமல் விட்டால் மேலே ஆடை கட்டி, அடியில் சூடு அடைந்துகொள்ளும்.
4. சூப், குழம்பு மாதிரி நீர்த்தவற்றைக் கொஞ்சம் கெட்டியாகவே சமைத்து, இறக்கியதும் குறைத்த தண்ணீருக்குப் பதில் ஐஸ் கட்டியைப் போடலாம். இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.
5. ஆவி அடங்கி வெதுவெதுப்புக்கு வந்ததும் ஃப்ரிட்ஜுக்குள். குளிர்ந்தபின் ஃப்ரீசர்.

முழுசாக ஆறினால்தான் ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்ற பழைய எண்ணம்தான் இங்கே நிறையக் கெடுதல் செய்கிறது. வெதுவெதுப்பாக வைத்தால் ஃப்ரிட்ஜ் தாங்கும். கொதிக்கக் கொதிக்க வைப்பதுதான் தப்பு.

சோறு பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வெந்தபின்னும் உயிரோடு இருக்கும். சோறு அறை வெப்பத்தில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடும். வாந்தி வர வைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. "நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் சரியாகிவிடும்" என்ற சமாதானம் இங்கே செல்லாது. சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

## மேலே வெளுத்த திட்டு, சருகு போல் காய்ந்த ஓரம்

சாப்பிடலாம். ஆபத்து இல்லை, ருசிதான் இல்லை. காய்ந்த பகுதியை மட்டும் சீவி எறிந்துவிட்டு மீதியைக் குழம்பில் போடுங்கள்.

ஃப்ரீசரில் பல வாரம் மறந்துபோன ஐஸ் தட்டைப் பார்த்திருப்பீர்கள். கட்டிகள் ஒடுங்கி, மூலை மழுங்கிப் பாதியாகியிருக்கும். ஐஸ் உருகாமலே நேராக ஆவியாகப் போய்விடும் என்பதற்கு அதுவே சாட்சி. கறித்துண்டின் மேல்பரப்பில் நடந்ததும் அதேதான். ஈரம் போய்விட்டது, அந்த இடத்தில் காற்று பட்டுக் கொழுப்பும் நிறமும் மாறின. தானாகவே பனி நீக்கும் ஃப்ரீசரில் இது இன்னும் வேகம்; அதில் அவ்வப்போது ஹீட்டர் ஓடி வெப்பம் ஏறி இறங்கும், காற்றும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காற்றை வெளியேற்றுவதே மருந்து. எந்திரம் வாங்கத் தேவையில்லை. ஜிப் கவரில் சாப்பாட்டைப் போட்டு, ஓரத்தில் விரல் நுழையும் அளவு மட்டும் திறந்து வைத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். தண்ணீர் நாலா பக்கமும் அழுத்தி, கவர் சாப்பாட்டோடு ஒட்டிக்கொள்வது கண்ணுக்கே தெரியும். வாய் மட்டும் தண்ணீருக்கு மேல் இருக்கும்போது மூடிவிடுங்கள்.

கறியை வறட்டுத் துண்டுகளாக வைப்பதைவிடக் குழம்பில் மூழ்கும்படி வைப்பது எப்போதும் மேல். குழம்பே போர்வையாகிவிடும். சமைத்த கறியை மறுபடி சூடு பண்ணினால் வரும் ஒருவித அட்டைப்பெட்டி வாடையும் இதனால் குறையும். அது கறியில் இருக்கும் கொழுப்பு காற்றோடு சேர்வதால் வருவது.

## கவருக்குள் பனி

எந்தப் பனி என்று பாருங்கள். மூடியின் உள்பக்கம் முழுக்க மெல்லிசாகத் தூள் தூவியது மாதிரி இருந்தால், ஆறுவதற்கு முன் மூடிவிட்டீர்கள். ஆவி மேலே போய் உறைந்திருக்கிறது. பயம் ஒன்றுமில்லை. ஆனால் கவரின் ஒரு மூலையில் சாறு வழிந்து தேங்கி, நிறத்தோடு கட்டியாக உறைந்திருந்தால் சங்கதி வேறு. அது நடுவில் ஒரு தடவை உருகி மறுபடி உறைந்த சாப்பாடு. கரண்ட் போனதா, கதவு திறந்து கிடந்ததா என்று யோசியுங்கள். எத்தனை நேரம் உருகிக் கிடந்தது என்று தெரியாவிட்டால் வேண்டாம்.

## உருகியதும் ஒரே சாறு. கறி நார் நாராக

மெதுவாக உறைந்ததன் விளைவு. மைனஸ் 1 டிகிரியிலிருந்து மைனஸ் 5 வரை உள்ள அந்தக் குறுகிய இடைவெளியில்தான் கறிக்குள் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி ஐஸாகிறது. அதைச் சட்டென்று கடந்தால் ஐஸ் பொடிப்பொடியாக விழும். மணிக்கணக்கில் அங்கே தங்கினால் பெரிய பெரிய ஊசிகளாக வளர்ந்து சதையைக் கிழித்துவிடும். உருகும்போது கிழிசல் வழியாகச் சாறெல்லாம் வடிகிறது.

1910-களில், இன்று கனடாவில் இருக்கும் லாப்ரடார் என்ற குளிர்ப் பகுதியில் வாழ்ந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், அங்கே பூர்வகுடிகளான இன்யூயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் உடனுக்குடன் விறைத்துப்போவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புதுசு மாதிரியே இருப்பதையும் கவனித்தார். 1920-களில் அவர் தொடங்கிய வேக உறைவுத் தொழில் அந்தக் கவனிப்பிலிருந்து வந்தது. நம் வீட்டு ஃப்ரீசரில் அந்தக் குளிர் கிடைக்காது. ஆனால் தடிமனைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. தடிமன் இரண்டு மடங்கானால் உறையும் நேரம் இரண்டு மடங்குக்கும் மேலேயே போகும். கவரில் ஊற்றி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தட்டையாகத் தட்டி, ஒரு தட்டின்மேல் படுக்கப் போடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல், சுற்றிலும் காற்றுப் போகும்படி. விறைத்தபின் புத்தகம் மாதிரி நிறுத்தி அடுக்கலாம், இடமும் மிச்சம்.

## குழம்பு திரிந்து தண்ணீர் தனியாக நிற்கிறது

கோதுமை மாவோ சோள மாவோ போட்டுக் கெட்டியாக்கிய குழம்பு உறைந்து உருகினால், மாவு பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கைவிட்டுவிடும். கொதிக்க வைத்து விடாமல் அடித்துக் கலக்கினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். சேராவிட்டால் மிக்சியில் ஒரு சுற்று. அடுத்த முறை, மாவு சேர்க்காமல் உறைய வைத்துச் சூடு பண்ணும்போது கரைத்து ஊற்றுங்கள். மரவள்ளி மாவும் பசையரிசி மாவும் இதைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும்.

பால், தயிர், க்ரீம் ஊற்றியவையும் இதே கதிதான். கடைசியில் ஊற்ற வேண்டியவற்றைக் கடைசியிலேயே ஊற்றுங்கள், அதாவது சாப்பிடப்போகும் அன்று. மயோனைஸ் கலந்ததை உறைய வைக்கவே வேண்டாம், எண்ணெய் பிரிந்து நிற்கும்.

## சோறு விறைப்பு, உருளைக்கிழங்கு பஞ்சு

வெந்த மாவுச்சத்து குளிர்ந்ததும் மறுபடி இறுகி ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது ஃப்ரீசரில் அல்ல, ஃப்ரிட்ஜின் குளிரில். ஆகவே சோற்றை இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, "சாப்பிட மாட்டோம் போலிருக்கே" என்று ஃப்ரீசருக்கு மாற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. அன்றே, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக, தட்டையாக உறைய வையுங்கள். எடுக்கும்போது உருக விடாமல், ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி நேராகச் சூடு பண்ணுங்கள். நன்றாகச் சூடேறினால் விறைப்பு விட்டுப்போகும். சூடேறாமல் வெதுவெதுப்பாக எடுத்தால்தான் அரிசி அரிசியாக நிற்கும்.

உருளைக்கிழங்குக்கு இந்த மன்னிப்பு இல்லை. துண்டுகளாகக் குழம்பில் கிடந்தவை பஞ்சு மாதிரி ஆகி, அழுத்தினால் தண்ணீர் விடும். என்ன செய்தாலும் திரும்பாது. மசித்துக் குழம்போடு கலந்துவிடலாம். முதலிலேயே வெண்ணெய் சேர்த்து மசித்த உருளைக்கிழங்கு நன்றாகவே உறையும். துண்டாக வேண்டுமென்றால் உருளைக்கிழங்கு இல்லாமல் குழம்பை உறைய வைத்து, சூடு பண்ணும் அன்று தனியாக வேக வைத்துப் போடுங்கள். அவித்த முட்டையின் வெள்ளையும் ரப்பராகிவிடும். பாஸ்தாவை இரண்டு நிமிடம் முன்னாலேயே இறக்கிவிடுங்கள்.

## காய்கறி தொளதொளவென்று, அல்லது வைக்கோல் வாடையோடு

இரண்டும் வேறு வேறு நோய்.

வெள்ளரி, கீரை, லெட்டூஸ் போன்றவை பச்சையாக உறைந்தால் தொளதொளத்துத்தான் போகும். அவற்றின் மொறுமொறுப்பே செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் அழுத்தம். ஐஸ் அதை உடைத்துவிட்டது. சமைத்த காய் குழைந்திருந்தால், இரண்டாம் முறை சூடு படும் என்பதைக் கணக்கில் எடுக்காமல் முழுசாக வேக வைத்துவிட்டீர்கள். முக்கால் பதத்தில் இறக்கவும்.

பச்சையாக நறுக்கி வைத்த பீன்ஸ் நிறம் மங்கி வைக்கோல் வாடை அடித்தால், அது காய்க்குள் இருக்கும் என்சைம்களின் வேலை. மைனஸ் 18-லும் அவை மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். கொதிநீரில் போட்டெடுத்தால்தான் அடங்கும். அரை கிலோ காய்க்கு நாலு லிட்டர் தண்ணீர் கொதிக்கட்டும். பச்சைப் பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம், பொடியாக நறுக்கிய கேரட்டுக்கு 2, பீன்ஸ், ப்ரோக்கோலி, காலிஃப்ளவருக்கு 3. எடுத்தவுடன் அதே அளவு நேரம் ஐஸ் தண்ணீரில். அப்புறம் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். இந்தக் கடைசி வேலையைச் சோம்பலில் விட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே பாறையாகும். வெங்காயத்துக்கும் குடைமிளகாய்க்கும் இது எதுவும் தேவையில்லை, நறுக்கி அப்படியே வைக்கலாம்.

## ஓரத்தில் கொதி, நடுவில் ஐஸ்

மைக்ரோவேவில் ஐந்து நிமிடம் ஓடியாகிவிட்டது. ஓரம் கொப்பளித்துச் சுவரெல்லாம் தெறித்திருக்கிறது. நடுவில் கரண்டியை விட்டால் டக்கென்று இடிக்கிறது. மைக்ரோவேவ் பழுது இல்லை, பாவம். அந்த அலைகளைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், ஐஸ் அவ்வளவாக உறிஞ்சாது. எந்த இடம் முதலில் கொஞ்சம் உருகுகிறதோ அது சூட்டை எல்லாம் தானே இழுத்துக்கொள்கிறது. இருப்பவனுக்கே மேலும் சேரும் கதை.

போதாததற்கு, ஐஸ் உருகக் கேட்கும் வெப்பமும் கொஞ்சநஞ்சமில்லை. 0 டிகிரியில் உள்ள ஒரு கிலோ ஐஸை 0 டிகிரித் தண்ணீராக்க ஆகும் வெப்பத்தில், அதே ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். ஏறக்குறைய பாதி வேலை உருக்குவதிலேயே போகிறது.

ஆகவே உருக்குவதையும் சூடாக்குவதையும் தனித்தனியாகச் செய்யுங்கள். டீஃப்ராஸ்ட் பட்டனில், அல்லது மூன்றில் ஒரு பங்கு சக்தியில், மூன்று நான்கு நிமிடம். அந்தப் பட்டன் அலையை விட்டு விட்டு அனுப்பும். இடைவெளியில் சூடு உள்ளே பரவ நேரம் கிடைக்கும். வெளியே எடுத்து, இளகிய ஓரத்தைக் கரண்டியால் உடைத்துப் பிரியுங்கள். மீதிக் கட்டியைத் துண்டாக்கி ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் கிணறு மாதிரிக் குழி விடுங்கள். இரண்டு நிமிடம் சும்மா இருக்கட்டும். அதன்பின் மூடிபோட்டு முழுச் சக்தியில், நடுவில் ஒரு முறை கிளறி. எல்லா இடமும் 74 டிகிரியைத் தொட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் நடுவிலும் ஆவி பறக்கும்வரை.

முன்கூட்டியே யோசித்தவர்களுக்கு ஃப்ரிட்ஜ்தான் நல்ல வழி. தட்டையான அரை கிலோ கவர் ஒரு ராத்திரியில் இளகிவிடும்; இரண்டு கிலோ கட்டிக்கு ஒரு முழு நாள். உறைவதைவிட உருகுவதற்குப் பொதுவாக அதிக நேரம் பிடிக்கும், அதற்கும் காரணம் உண்டு. ஐஸ், தண்ணீரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். உறையும்போது வெளியே ஐஸ் ஓடு, உருகும்போது வெளியே தண்ணீர்ப் போர்வை. அவசரமென்றால் கசியாத கவரோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு அரை மணிக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். அரை கிலோ ஒரு மணி நேரத்தில் தயார். சமையல் மேடையில் காலையில் எடுத்து வைத்துவிட்டு மாலையில் வந்து பார்ப்பது மட்டும் வேண்டாம். நடு உருகும் முன்னரே வெளிப்பக்கம் பல மணி நேரம் அறைவெப்பத்தில் கிடந்திருக்கும்.

ஃப்ரிட்ஜில் உருகியதைச் சாப்பிடாமல் விட்டால் மறுபடி ஃப்ரீசரில் வைக்கலாம், ருசி ஒரு படி இறங்கும், அவ்வளவே. தண்ணீரிலோ மைக்ரோவேவிலோ உருக்கியதைச் சமைத்த பிறகுதான் மறுபடி உறைய வைக்க வேண்டும்.

## கோழிக்கறியில் எலும்பருகே கருப்பு

கெட்டதும் இல்லை, வேகாததும் இல்லை. இளங்கோழியின் எலும்பு முற்றியிருக்காது. உறையும்போது மஜ்ஜையின் நிறம் வெளியே கசிந்து, வெந்ததும் கருத்துவிடும். பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

## சிக்கு வாடை, கசப்பு, அடுத்த டப்பாவின் மணம்

கொழுப்பு காற்றோடு சேர்ந்து சிக்குப் பிடிப்பதை மைனஸ் 18 தாமதப்படுத்தும், நிறுத்தாது. அதனால் கொழுப்பு மிகுந்த மீன் இரண்டு மூன்று மாதத்திலேயே வாடை விடும், பச்சைக் கோழித் துண்டுகளோ ஒன்பது மாதம் வரை நிற்கும். அரைத்த பச்சைக் கறிக்கு மூன்று நான்கு மாதம். சமைத்த குழம்பும் சூப்பும் இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். இதெல்லாம் ருசிக்கான கணக்கு. நல்லபடியாக உள்ளே போய், மைனஸ் 18-ஐ விட்டு ஏறாமல் இருந்தது, தேதி தாண்டினாலும் ஆபத்தாகிவிடாது.

கசப்புக்கு மசாலாவைச் சந்தேகப்படுங்கள். மிளகு, கிராம்பு, பூண்டு மூன்றும் உறைந்திருக்கும்போது தூக்கலாகிக் கசக்கத் தொடங்கும். உப்போ மங்கிப்போகும், அதோடு கொழுப்பைச் சீக்கிரம் சிக்குப் பிடிக்கவும் வைக்கும். எல்லாவற்றையும் கொஞ்சம் குறைவாகப் போட்டு உறைய வைத்து, சூடு பண்ணும்போது சரிசெய்துகொள்வதே நல்லது. நான் இப்போது மிளகைத் தட்டில் பரிமாறிய பிறகுதான் தூவுகிறேன்.

ஐஸ் கட்டியில் வெங்காய மணம் வந்தால் எங்கேயோ ஒரு மூடி சரியாக மூடவில்லை.

## எல்லாம் சேர்ந்து ஒரே பாறை, கண்ணாடி விரிசல்

உருண்டைகள், கறித்துண்டுகள், காய்கள் எதுவானாலும் முதலில் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி இரண்டு மணி நேரம் உறைய வையுங்கள். கல்லானபின் கவரில் கொட்டினால் கடைசிவரை தனித்தனியாகவே இருக்கும். இப்போது பாறையாகிவிட்டதைக் கத்தியால் குத்தாதீர்கள், கை போகும். கவரோடு குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் வைத்தால் பிரியும்.

தண்ணீர் ஐஸானால் 9 சதவீதம் பெருகும். ஒரு லிட்டர் சூப் 90 மில்லி கூடுதல் இடம் கேட்கும். கொடுக்காவிட்டால் உடைத்துக்கொண்டு எடுத்துக்கொள்ளும். கழுத்து குறுகிய கண்ணாடி ஜாடிகள் எப்போதும் அந்தத் தோள்பட்டையில்தான் விரியும். நேர்ச்சுவர் ஜாடியில் இரண்டரை சென்டிமீட்டர் இடம் விட்டு, குளிர்ந்தபின் ஊற்றி, உறைந்தபின் மூடியை இறுக்குங்கள். விரிசல் கண்ட ஜாடியில் இருந்ததை வடிகட்டிச் சாப்பிடலாமா என்று யோசிக்கவே வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கண்ணாடியை நேராகச் சூடான ஓவனுக்குள் வைப்பதும் அதே முடிவைத் தரும், கொஞ்சம் சத்தத்தோடு.

## கரண்ட் போய் வந்தது

கதவைத் திறக்காமல் இருந்தால், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24. திறந்து பார்க்கும் ஆசைதான் எதிரி. கரண்ட் வந்ததும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். உள்ளே இன்னும் ஐஸ் துகள் நெருடினாலோ, 4 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்தாலோ மறுபடி உறைய வைக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதைத் தாண்டியிருந்தால் கறி, மீன், முட்டை, பால், சோறு சேர்ந்தவை எதுவும் வேண்டாம்.

ஊரில் இல்லாதபோது கரண்ட் போனதா என்று தெரிந்துகொள்ள ஒரு தந்திரம்: ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு நாணயம் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் நிம்மதி. அடியில் உறைந்து கிடந்தால் எல்லாம் உருகி உறைந்திருக்கிறது.

## இது என்ன டப்பா?

எல்லா ஃப்ரீசரிலும் ஒன்று இருக்கும். பழுப்பாக எதோ, மேலே பனி, தேதி இல்லை, பெயர் இல்லை. உறைந்த நிலையில் பருப்பும் கறிக்குழம்பும் ஒரே மாதிரிதான் தெரியும். குளிர்ந்த ஈரமான டப்பாவில் ஸ்டிக்கர் ஒட்டாது, பேனாவும் எழுதாது. அதனால்தான் "அப்புறம் எழுதிக்கலாம்" என்று விட்டது எழுதப்படுவதே இல்லை. டப்பா காலியாக, உலர்ந்திருக்கும்போதே பெயர், தேதி, எத்தனை பேருக்கு என்று எழுதிவிட்டுப் பிறகு நிரப்புங்கள். இப்போது கையில் இருக்கும் அந்த மர்ம டப்பாவை இன்று ராத்திரி ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். நாளை திறந்து, வாடையும் நிறமும் சரியாக இருந்தால், ஆவி பறக்கச் சூடு பண்ணி என்னவென்று கண்டுபிடியுங்கள். அது உள்ளே போவதற்கு முன் எத்தனை நேரம் வெளியே கிடந்தது என்பது நினைவில் சந்தேகமாக வந்தால், டப்பாவைக் கழுவி வையுங்கள்.